இடப்பக்கமே இழுத்த மஞ்சக்கிளி

பெரிய காஞ்சிபுரத்துக் கோபுரங்களைக்கூட எண்ணிவிடலாம். யேசுதாஸின் மினி லாரியில் தொங்கிய எலுமிச்சம்பழங்களை எண்ண முடியாது.

முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும். பின்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும். உள்ளே ஒரு சிலுவை, அதற்குத் துணையாக ஒரு கறுப்புக் கயிறு. பம்பரின் இடது ஓரத்தில் ஒரு பழைய செருப்பு. எல்லாவற்றுக்கும் மேலே, கண்ணை உருட்டி நாக்கை நீட்டும் ஒரு பூசணிக்காய். வருவது லாரியா, காய்கறிச் சந்தையா என்று தெரு ஆடுகளுக்கே குழப்பம். ஓர் ஆடு அந்த லாரியின் பின்னாலேயே ஓரிக்கை வரைக்கும் போய், பஸ் பிடித்துத் திரும்பி வந்ததாகச் சொல்வார்கள். நான் அதை முழுக்க நம்புகிறேன்.

லாரியின் பெயர் மஞ்சக்கிளி. மஞ்சள் நிறம் என்பதால் அந்தப் பெயரை வைத்தவள் யேசுதாஸின் மகள் ஜோதிகா. ஆறாம் வகுப்பு படிக்கிறாள்.

இத்தனை திருஷ்டிச் சாமானும் எதற்கு? எல்லாம் ஒரு டயருக்காக.

முன்பக்கம், இடது டயர். புதிதாக மாட்டியபோது நான்கு எலுமிச்சம்பழம் வைத்து, அதன்மேல் ஏற்றி நசுக்கித்தான் வண்டியை எடுத்தார் யேசுதாஸ். அப்படியும் சில மாதத்திலேயே டயரின் உள்பக்கம் தேய்ந்து வழுக்கையாகிவிட்டது. குனிந்து பார்த்தால் முகம் தெரியும். தலை வாரிக்கொள்ளலாம்.

"கண்ணு பட்டுடுச்சிம்மா," என்றார் யேசுதாஸ்.

"யார் கண்ணுப்பா?"

யேசுதாஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வேற யாரு? ரேணுகாம்பாள் அக்கா கண்ணுதான். அவங்க பாத்தா பாலே திரிஞ்சிடும்."

ரேணுகாம்பாள் அதே தெருவில் பட்டு நெய்பவர். அவர் கண் பெரிய கண்தான். ஆயிரம் இழைகளுக்கு நடுவே அறுந்த ஓர் இழையைத் தெருக்கோடியிலிருந்தே பிடித்துவிடும். குரல் அதைவிடப் பெரியது. அவர் தும்மினால் பக்கத்து ஊரான கூரத்தில் கோழிகள் முட்டையிடும்.

அந்தத் தெருவில் காலை வேளையில் ஒரு வழக்கம் உண்டு. சேலைக்கு நீளவாட்டில் ஓடும் நூல்களுக்குப் பாவு என்று பெயர். அதைத் தறியில் ஏற்றுவதற்கு முன், தெருவோரமாக நீளமாக இழுத்துக் கட்டி, இழை இழையாகச் சரிசெய்வார்கள். அப்போது தெருவே ஒரு பக்கமாக ஒதுங்கி நடக்கும். சைக்கிள் இறங்கித் தள்ளப்படும். நாய்கூட வாலைச் சுருட்டிக்கொண்டு போகும்.

மஞ்சக்கிளிதான் ஒதுங்காது. யேசுதாஸ் வீடு முட்டுச்சந்தின் கடைசியில். வெளியே போக வேறு வழி கிடையாது. பாவு இடப்பக்கம். மஞ்சக்கிளியும் எப்போதும் இடப்பக்கமே இழுக்கும்.

வெள்ளிக்கிழமை காலை அது நடந்தேவிட்டது. ரேணுகாம்பாள் வீட்டைத் தாண்டும்போது வண்டி ஒரு சாண் இழுத்தது. பம்பரில் தொங்கிய பழைய செருப்பு, அரக்குச் சிவப்புக் கல்யாணப் பட்டுப் பாவின்மேல் சொத்தென்று பட்டது.

இழை ஒன்றும் அறவில்லை. ஆனால் ரேணுகாம்பாள் போட்ட சத்தத்தில் கோயில் யானை ஒரு நிமிடம் தும்பிக்கையால் காதைப் பொத்திக்கொண்டது.

"டேய் யேசு! கல்யாணப் பட்டுடா இது! செருப்பாலயா தொடுவ?"

"அக்கா, வேணும்னு பண்ணலக்கா. வண்டி தானா..."

"நீ ஓட்டாம வண்டி தானா வந்துக்கினு இருந்துச்சா? நானும் பாத்துக்கினேதான் இருக்கேன். தினமும் என் வீட்டாண்ட வந்தாத்தான் உனக்கு இந்தப் பக்கம் தள்ளுது. இனிமே பாவு போட்டிருக்கிற நேரத்துல உன் வண்டி இங்க வரக் கூடாது. ஆமா!"

தெருவே தலையாட்டியது. தலையாட்டாவிட்டால் அடுத்த சத்தம் தங்களுக்கு என்று எல்லாருக்கும் தெரியும்.

காலையில் வண்டி வெளியே போகாவிட்டால் யேசுதாஸுக்கு வேலையே இல்லை. அவர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார்:

"ராசியில்லாத வண்டிம்மா. ஞாயித்துக்கிழமை புரோக்கர் முருகேசனை வரச் சொல்லிட்டேன். குடுத்துடலாம்."

மஞ்சக்கிளியின் பின்தட்டில் உட்கார்ந்துதான் ஜோதிகா வாய்ப்பாடு படித்தாள். அம்மாவைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போனதே மஞ்சக்கிளிதான். அவளுக்குத் தம்பியைக் கொண்டுவந்து கொடுத்த வண்டியைப் போய்ப் புரோக்கரிடம் கொடுப்பதா?

சனிக்கிழமை காலை. அவள் மஞ்சக்கிளியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இடது டயரைத் தடவிப் பார்த்தாள். வெளிப்பக்கம் பலாப்பழம்போல் முள்முள்ளாக இருந்தது. உள்பக்கம் மட்டும் வாழைப்பழம். மற்ற மூன்று டயர்களும் முழுப் பலாப்பழம்.

"அப்பா!"

"என்னம்மா?"

"கண்ணு பட்டா முழு டயரும்ல தேயணும்? அத்தை என்ன, பாதிக் கண்ணாலயா பாத்தாங்க?"

"அது... கண்ணுல பல தினுசு இருக்குதும்மா."

"அப்புறம், நேரா போறப்போகூட நீ ஏன் ஸ்டீயரிங்கை வலதுபக்கம் திருப்பியே புடிச்சிக்கினு இருக்க?"

"அதுவா? அப்படிப் புடிச்சாத்தான் வண்டி நேரா போவும். கூரம் ரோட்டுப் பள்ளத்துல தறிச் சாமானோட எறங்கினோமே, அதுலேர்ந்து அப்படித்தான்."

அந்தப் பள்ளத்தைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். அதில் வசிக்கும் தவளைகளுக்கு ரேஷன் அட்டை உண்டு.

ஜோதிகா தெருவைப் பார்த்தாள். அங்கே ரேணுகாம்பாள் பாவின் ஒரு முனையில் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறுகண்ணால் நூலோடு நூலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கோடியில ரெண்டு இழை கோணிக்கினு இருக்குது பார்!" என்று கத்தினார். மறுமுனையில் நின்றவர் பார்த்தார். இரண்டு இழைதான் கோணியிருந்தது.

ஜோதிகா எழுந்தாள். நேராக மஞ்சக்கிளியின் பம்பருக்குப் போய் அந்தச் செருப்பைக் கழற்றி எறிந்தாள். கையைக் கழுவினாள். பிறகு ரேணுகாம்பாளிடம் நடந்தாள். கால் இரண்டும் வேண்டாம் வேண்டாம் என்றன. அவள் கேட்கவில்லை.

"அத்தை..."

"என்ன? உங்கப்பன் அனுப்பினானா?"

"இல்ல அத்தை. நானேதான் வந்தேன். நேத்து பட்டு மேல செருப்பு பட்டதுக்கு மன்னிச்சிடுங்க. அதைக் கழட்டிட்டேன்."

ரேணுகாம்பாளின் புருவம் கொஞ்சம் இறங்கியது.

"அப்பா வேணும்னு உங்க வீட்டுப் பக்கம் வரல அத்தை. வண்டியிலதான் ஏதோ கோணல் இருக்குது. எனக்குக் கண்ணு பத்தல. இந்தத் தெருவுல கோணலை உங்களைவிட யாரும் கண்டுபுடிக்க முடியாது. கொஞ்சம் வந்து பாக்கறீங்களா? ஒரு கெட்டிக் கயிறும் வேணும்."

"லாரியைப் பாக்கவா? நானா?"

"அப்பா நாளைக்கு வண்டியை விக்கப் போறாரு அத்தை." ஜோதிகா மஞ்சக்கிளியைக் கைகாட்டினாள்.

ரேணுகாம்பாள் பாவு கட்டும் கயிற்றில் ஒரு சுருளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "நட!"

ரேணுகாம்பாள் கயிற்றோடு வருவதைப் பார்த்த யேசுதாஸ், குஞ்சைக் காக்கும் கோழிபோல் கைகளை விரித்து வண்டிக்கு முன்னால் நின்றார். "அக்கா! பாக்காதீங்கக்கா! இருக்கிறது மூணு நல்ல டயருதான்!"

"தள்ளுடா."

தள்ளிவிட்டார்.

ஜோதிகா முதலில் வலப்பக்கம் பிடித்தாள். பின்சக்கரத்தின் ஓரத்தை ஒட்டிக் கயிற்றை இழுத்து, முன்சக்கரம் வரைக்கும் கொண்டுவந்தாள். கயிறு முன்சக்கரத்தின் இரண்டு ஓரத்தையும் ஒரே மாதிரி தொட்டது.

பிறகு இடப்பக்கம். இங்கே சக்கரத்தின் முன்ஓரம் கயிற்றை வெளியே தள்ளியது. பின்ஓரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் ஜோதிகாவின் விரல் தாராளமாக நுழைந்தது.

ரேணுகாம்பாள் குனிந்தார். ஒரு கண்ணை மூடினார். தெருவே மூச்சைப் பிடித்தது.

"டேய் யேசு," என்றார் நிமிர்ந்து, "உன் வண்டியில மூணு சக்கரம் ரோட்டைப் பாக்குது. இது ஒண்ணு மட்டும் என் வீட்டையே பாத்துக்கினு இருக்குது!"

யேசுதாஸ் கயிற்றைப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். அவருக்கு மெல்ல விளங்கியது. "அப்போ வண்டி நேரா போவும்போது, இது மட்டும் குறுக்கால இழுபட்டுக்கினே வருதா?"

"அதான்பா! தரையில தேய்ச்சிக்கினே வருது. அதான் ஒரு பக்கம் மட்டும் வழுக்கை," என்றாள் ஜோதிகா.

"சக்கரமெல்லாம் நேரா இருக்குதான்னு வீல் அலைன்மென்ட் பாக்கணும்னு டயர் கடையில சொன்னாங்க. அதெல்லாம் கார்காரங்களுக்குன்னு நான்தான் வந்துட்டேன்," என்றார் யேசுதாஸ் காதைச் சொறிந்துகொண்டு. "எலுமிச்சம்பழம் போதும்னு நெனச்சேன்."

"எலுமிச்சம்பழத்தை ஊறுகா போடு. வண்டியைக் கடைக்குக் கொண்டுபோ," என்றார் ரேணுகாம்பாள். அவரே பாவைச் சுற்றி எடுத்து வழிவிட்டார்.

ஓரிக்கை போகும் சாலையில் ரேவதி அக்காவின் அலைன்மென்ட் கடை இருக்கிறது. ரேவதி அக்கா முதலில் பூசணிக்காயைப் பார்த்தார். "அண்ணா, சாம்பார் வைக்கணுமா, வண்டி பாக்கணுமா?"

பிறகு நான்கு சக்கரத்திலும் கருவிகளை மாட்டினார். பெரிய திரையில் எண்கள் வந்தன. மூன்று சக்கரத்துக்குப் பச்சை. இடது முன்சக்கரத்துக்குச் சிவப்பு.

"பள்ளத்துல எறக்கினீங்களா? சக்கரத்தைத் திருப்புற கம்பி வளைஞ்சிருக்குது. எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"கயிறு கட்டிப் பாத்தோம்க்கா," என்றாள் ஜோதிகா.

"அட! பரவாயில்லையே! என் மிஷினும் கயித்துக்குப் பதிலா வெளிச்சத்தைக் கட்டிப் பாக்குது, அவ்வளவுதான்."

வளைந்த கம்பியை மாற்றினார். கீழே படுத்துத் திருகினார், திரையைப் பார்த்தார், மறுபடி திருகினார். சிவப்பு மெல்ல மஞ்சளாகி, மஞ்சள் பச்சையானது. ஜோதிகா கைதட்டியதில் பக்கத்துக் கடை பூனை எழுந்து ஓடியது.

"இந்த வழுக்கை டயர் இனி வளராது. மாத்திடுங்க. பள்ளத்துல அடிபட்டா உடனே வாங்க. எதையாவது தொங்க விட்டுட்டு உக்காராதீங்க!"

திரும்பும் வழியில், ஆளில்லாத நேர்ச்சாலையில், யேசுதாஸ் ஸ்டீயரிங்கை விரல் நுனியால் மட்டும் தொட்டுக்கொண்டு ஓட்டினார். மஞ்சக்கிளி தாவணி மடிப்புபோல் நேராகப் போனது. அவர் வாய் காது வரைக்கும் விரிந்ததில், கண்ணாடியில் பின்னால் இருக்கும் சாலையே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை புரோக்கர் முருகேசன் வந்தார். தெருவோரம் பாவு நீண்டு கிடந்தது. மஞ்சக்கிளியின் பின்தட்டில் ரேணுகாம்பாள் கடைக்குப் போகவேண்டிய பட்டுச் சேலைப் பெட்டிகளைத் தன் கையாலேயே ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இதுவா விக்கிற வண்டி?"

"யாரு விக்கறது?" என்றார் ரேணுகாம்பாள். முருகேசன் இரண்டடி பின்னால் போனார்.

"அப்புறம் எதுக்குங்க என்னை வரச் சொன்னீங்க?"

யேசுதாஸ் யோசித்தார். ஜோதிகாவைப் பார்த்தார். "டீ குடிக்கத்தான்பா. வா, நல்ல இஞ்சி டீ!"

டீ குடித்தார்கள். முருகேசன் இரண்டு டம்ளர் குடித்தார். பிறகு யேசுதாஸ் வண்டியைக் கிளப்பினார். ஜன்னலோர இருக்கையில் ரேணுகாம்பாள் உட்கார்ந்துகொண்டார். நடுவில் ஜோதிகா நெருக்கியடித்து உட்கார்ந்தாள்.

மஞ்சக்கிளி பாவின் பக்கமாக மெதுவாக நகர்ந்து, நூல் பிடித்தாற்போலத் தெருவைக் கடந்தது. அந்த ஆயிரம் இழைகளில் ஒன்றுகூட அசையவில்லை.