அடுத்தவன் யோகம்

மாலைக் கதிரவன் மேற்குக் குன்றுகளின் பின்னே இறங்கி, கீழ்வானில் முழுமதி மெல்லத் தலைகாட்டிய அந்த இனிய வேளையில், வெள்ளாறு இரு கரையும் தொட்டுப் பெருகி, குறுக்கைக் கோட்டையின் கருங்கல் மதிலை உரசியபடி ஓடிக்கொண்டிருந்தது. கரையோரத்து மருத மரங்களில் நாரைகள் கூடடைந்தன. மறுநாள் நடக்கவிருந்த திருமணத்துக்காகக் கோட்டைக்குள் தோரணம் கட்டுவோர் போட்ட கூச்சலும், சந்தனம் அரைத்த பெண்களின் சிரிப்பும் ஆறு வரைக்கும் கேட்டன. இத்தனை மங்கலத்துக்கும் நடுவே ஒருவன் மட்டும் நீர்வாசலருகே வயிறெரிந்து நின்றான் என்றால், அன்பார்ந்த வாசகர்களே, அவன் யாரென்று நாம் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டாமா?

அவன் பெயர் கூத்தன். அந்தப் பெயரே அவனுக்குப் பிடிக்காது. அவனோடு ஒரே இரவில், ஒரே முற்றத்தைப் பார்த்த இரண்டு அறைகளில் பிறந்த இன்னொரு படைவீரனுக்கு ஏழிசைமோகன் என்று பெயர் வைத்தார்களே, தனக்கு மட்டும் ஏன் வெறும் கூத்தன்? இதைக்கூடவா ஒருவன் மனத்தில் வைத்துக்கொண்டிருப்பான் என்று கேட்பீர்கள். பொறாமைக்காரனுக்குச் சின்னது பெரியது என்ற கணக்கே கிடையாது ஐயா! மோகன் சில நாழிகை முன்னால் பிறந்தவனாம். அதைச் சொல்லிச் சொல்லியே இவனைத் "தம்பி" என்று கூப்பிடுவான். அன்போடுதான் கூப்பிடுவான். அந்த அன்புதான் இவனுக்கு ஆகவே ஆகாது.

குறுக்கை வேளிர் குலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவன் பிறந்தபோது சனி பகவான் எந்த ராசியில் நின்றாரோ, வானத்தை ஒரு முறை முழுதாகச் சுற்றி அதே ராசிக்கு அவர் திரும்பி வரும்வரை தளபதியின் வாளை அவன் கையில் கொடுக்க மாட்டார்கள். முப்பதை எட்டிப் பார்க்கும் அந்த வயதில்தான் சனி ஆளைப் போட்டு உலுக்குவார். பதர் பறந்த பிறகு நிற்பவனே தலைவன் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த ஐப்பசியில் சனி திரும்பினார். கூத்தனுக்கும் திரும்பினார், மோகனுக்கும் திரும்பினார். அரண்மனைப் பெருங்கணி மாதவனார் இருவர் ஜாதகத்தையும் சபையில் விரித்தார். ராசி ஒன்றேயானாலும் லக்கினம் வேறல்லவா? மோகனுக்குத் தளபதி வாளும் ஆளுங்குலத்துப் பெண்ணும் என்றார். கூத்தனுக்கோ, "பிறந்த மண் தங்காது, ஆற்றைக் கடந்து போவான்" என்றார்.

வாள் போனால் போகட்டும் என்று கூத்தன் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பான். ஆனால் அந்தப் பெண் அம்பலவல்லி! கோட்டையை ஆண்ட வேளின் ஒரே மகள். தோட்டத்தில் அவள் நடந்து போனால் இவன் காவல் காக்கும் வேல் தானாக நிமிரும். அன்று பிற்பகல் அவள் இவனைத் தேடி வந்தே பேசினாள்.

"கூத்தரே, உமது நண்பருக்கு என்ன பூ பிடிக்கும்? நீர்தான் சிறு வயதிலிருந்து உடனிருப்பவர்" என்றாள்.

"தாழம்பூ, தேவி" என்றான் கூத்தன். உண்மையில் தாழம்பூ என்றாலே மோகனுக்குத் தலைவலி. அற்பத்தனந்தான், என்ன செய்வது, அந்த நேரத்துக்கு அதுதான் வாயில் வந்தது.

அதற்குப் பிறகு அவன் செய்தது அற்பத்தனம் அல்ல, துரோகம். அக்கரையை ஆண்ட பகைவன் வில்லவரையனின் ஒற்றன் வலைஞன் வேடத்தில் பல நாளாக அவனைச் சுற்றி வந்தான். "உமக்கு இங்கே மதிப்பில்லை. நீர்வாசலை ஒரு முறை திறந்துவிடும், அங்கே வாளும் உண்டு, மரியாதையும் உண்டு" என்று அவன் ஓதியது இன்று பலித்துவிட்டது. நீர்வாசல் காவல் அன்று மோகனுடையது. கூத்தன் அவனிடம் போய், "மாப்பிள்ளைக்கு இன்றென்ன காவல்? போய் எண்ணெய் தேய்த்துக் குளி, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றான். மோகன் அவனைக் கட்டிக்கொண்டு போனான். கோட்டை விழுந்தால் பழி மோகன் தலையில் விழும்; திருமணம் நடக்காது. கதவைத் தாங்கிய கணையமரத்தைக் கூத்தன் உருவிப் போட்டான். நிலவு மதிலுக்கு மேலே ஏறியதும் படகுகள் வரும்.

அப்போது இருளிலிருந்து ஓர் உருவம் மூட்டையும் கையுமாகக் கதவை நோக்கி நழுவியது. கூத்தன் பாய்ந்து கழுத்தைப் பிடித்தான்.

"கணியாரா! திருமண வீட்டை விட்டு எங்கே ஓடுகிறீர்?"

"விட்டுவிடு அப்பா! வேளுக்குத் தெரிந்தால் என் தலை தங்காது" என்று மாதவனார் கெஞ்சினார். "குழந்தை பிறந்த கணத்தில் மருத்துவச்சி அறையிலிருந்து எலுமிச்சம்பழத்தை உருட்டிவிடுவாள், வெளியே இருக்கும் நான் அதைப் பார்த்து நாழிகை குறிப்பேன், தெரியுமல்லவா? நீங்கள் இருவரும் பிறந்த இரவில் பேய்மழை. என் விளக்கு அணைந்துவிட்டது. இரண்டு பழம் வந்தது தெரியும். எது எந்த அறையிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஊகத்தில் எழுதிவிட்டேன். இன்று தாம்பூலம் வாங்க வந்த மருத்துவச்சி, மூத்தவன் கூத்தன் என்று சர்வ சாதாரணமாகச் சொல்கிறாள்!"

"அப்படியானால்..."

"ஜாதகம் மாறிவிட்டது. வாளும் பெண்ணும் உன் யோகம். ஊரை விட்டுப் போக வேண்டியவன் மோகன்."

கூத்தனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இத்தனை காலம் யாரைப் பார்த்துப் பொருமினான்? தன்னுடைய பங்கைப் பார்த்தே அல்லவா பொருமியிருக்கிறான்! இந்தக் கிழவரை இப்படியே சபைக்கு இழுத்துப் போனால் நாளைய மணவறை தன்னுடையது என்று துள்ளினான். அந்தத் துள்ளலின் நடுவில்தான் துடுப்புச் சத்தம் கேட்டது.

ஐயோ, கதவு!

அவன் ஓடிப்போய்க் கணையமரத்தைத் தூக்குவதற்குள் ஒற்றனின் ஈட்டி கதவிடுக்கில் நுழைந்துவிட்டது. கூத்தன் தோளைக் கொடுத்து முட்டினான். வெளியே பத்துப் பேர் தள்ளினார்கள். "காவல்! காவல்!" என்று அவன் போட்ட அலறலில், தலையில் எண்ணெய் வழிய வாளோடு ஓடி வந்தவன் மோகன். கூத்தன் நெஞ்சுக்கு வந்த ஈட்டியைத் தன் கையால் தட்டி, புயம் கிழிந்து இரத்தம் கொட்ட, அவனும் தோள் கொடுத்தான். கதவு மூடிக்கொண்டது. கணையமரம் தன் இடத்தில் விழுந்தது. படகுகள் திரும்பிப் போயின.

தீவட்டிகளோடு வேள் வந்தார். பின்னால் அம்பலவல்லி வந்தாள்.

"கணையமரத்தை நீக்கியது யார்?" என்றார் வேள்.

எல்லோர் கண்ணும் மூட்டையோடு நின்ற கணியார் மேல் போயிற்று. அவர் மூட்டையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். கூத்தன் பேசாமலிருந்தாலே போதும். பழி அவர் மேல் போய்விடும். ஆனால் அதற்குள் மோகன் முன்னால் வந்து மண்டியிட்டான்.

"பெருமானே, இன்று இந்த வாசல் என் காவல். காவலை விட்டுப் போனவன் நான். குற்றம் என்னுடையது."

அம்பலவல்லி அவனைப் பார்த்தாள். அழுதுகொண்டு, பெருமையோடு பார்த்தாள். அந்தப் பார்வையைக் கண்டதும் கூத்தனுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது.

"டேய்! குற்றத்தைக்கூட எனக்கு விட்டுத்தர மாட்டாயா?" என்று கத்தினான். "எல்லாவற்றிலும் நீயேதான் முன்னால் நிற்க வேண்டுமா? திறந்தவன் நான்! இந்தக் கையால் திறந்தேன்! இதையாவது என்னுடையது என்று இருக்க விடு!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. ஆச்சரியம் என்னவென்றால், அவன் நெஞ்சு லேசாகிவிட்டிருந்தது.

வேள் தலையை வாங்கச் சொன்னார். மோகன் அவர் காலைப் பிடித்துக் கெஞ்சி நண்பனின் உயிரை மீட்டுக் கொடுத்தான். நாடு கடத்துமாறு தீர்ப்பாயிற்று.

மறுநாள் காலை, கோட்டைக்குள் மணமுழவு ஒலிக்க, கூத்தன் ஓடத்தில் ஏறினான். கணியார் மூச்சிரைக்க ஓடி வந்து ஓடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு வார்த்தை சொல், இப்போதே போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த வெளியேற்றம் உன் ஜாதகத்திலேயே இல்லையப்பா! இது அவனுடையது!"

"சொல்ல மாட்டேன் என்று இந்த ஆற்றின் மேல் ஆணையிடும், கணியாரே."

கிழவர் குனிந்து நீரைத் தொட்டு ஆணையிட்டார். கூத்தன் கோட்டையைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கழியை ஊன்றி ஓடத்தைத் தள்ளினான்.

"சின்ன வயதிலிருந்தே அவனுடையது எதைப் பார்த்தாலும் என் கை சும்மா இராது" என்றான். "இதையும் எடுத்துக்கொண்டேன்."