ஆறிய பிறகு அளக்கவும்

அகமானி வந்த பிறகு இழவு வீடுகளில் கூட்டம் குறைந்துவிட்டது. மணிக்கட்டில் மாட்டும் ஒரு பட்டை, அவ்வளவுதான். நாடித்துடிப்பு, வியர்வை, மூச்சு எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, எதிரில் இருப்பவர்மீது உங்களுக்கு நூற்றுக்கு எத்தனை பிரியம் என்று சொல்லிவிடும். மாரடித்து அழும் சொந்தக்காரருக்கு ஊர் பார்க்க ஆறு என்று காட்டினால் அடுத்த சாவுக்கு யார் வருவார்? தலைவர்களுக்கு மட்டும் அகமானி மாட்டுவதில்லை என்று எல்லாக் கட்சிகளும் ஒருமனதாகத் தீர்மானம் போட்டன. சுதந்திரத்துக்குப் பிறகு அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான் என்பார்கள்.

சினிமாவையும் அது விடவில்லை. 'உண்மைக் காதல் கதை' என்று போஸ்டரில் போடவேண்டுமானால், சம்பந்தப்பட்ட காதலர்களை மெய்ச்சான்று மன்றத்தில் உட்காரவைத்து அளக்கவேண்டும். அறுபதைத் தாண்டினால் சான்று உண்டு. தாண்டாவிட்டால் 'கற்பனை' என்று போட்டுக்கொள்ளலாம். கற்பனைக்கு யார் டிக்கெட் வாங்குகிறார்கள்?

அந்த மன்றத்து வராந்தாவில், கையில் பட்டையோடு, லூர்துராஜ் வியர்த்துக்கொண்டிருந்தார். வயது அறுபத்தொன்று. தொழில் டப்பிங். வாய் திறக்கத் தெரியாத நாயகர்கள் பலபேர் அவர் குரலில்தான் காதலித்தார்கள். 'உன்னை நேசிக்கிறேன்' என்பதைச் சம்பளத்துக்கு அத்தனை முறை சொன்ன மனிதர், வீட்டில் ஒருதரம்கூடச் சொன்னதில்லை.

வீடு என்றால் சாலிகிராமத்தில் ஒரு குடியிருப்பின் இரண்டாவது மாடி. எதிர்வீட்டில் தணிகாசலம். போரூரில் டயர் கடை வைத்திருப்பவர். இருவரும் கால் நூற்றாண்டாக ஜோடி. ஆணும் ஆணும் மணக்கலாம் என்று சட்டம் வந்தபோது நண்பர்கள் மாலையோடு வந்து நின்றார்கள். இருவரும் ஒரே குரலில் மறுத்தார்கள்.

"இந்த ஆளோட ஒரே கூரைக்குக் கீழயா? குறட்டையா அது? லாரி டயர் வெடிக்கிற மாதிரி" என்றார் லூர்து.

"இவரு மட்டும் என்னவாம்? கோழி கூவறதுக்கு முன்னாடி எழுந்து ஆ, ஈ, ஊன்னு தொண்டையைச் சரி பண்றாரு" என்றார் தணிகாசலம்.

ஆகவே இரண்டு வீடு, இரண்டு கதவு. விடிந்ததிலிருந்து படுக்கும்வரை இரண்டு கதவும் திறந்தே கிடக்கும். இங்கே காப்பி, அங்கே பேப்பர், நடுவில் சண்டை. ஞாயிறு மதியத் தூக்கம் மட்டும் ஒரே கட்டிலில். அதற்கு யாரும் விளக்கம் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை.

இந்தக் கதையைத்தான் திரைஞானி இமயவரம்பன் படமாக்கியிருந்தார். பெற்றோர் வைத்த பெயர் பாபு.

கடையைச் சாத்திவிட்டுத் தாமதமாகத் தணிகாசலம் வந்து சேர்ந்தார். இமயவரம்பன் எழுந்து நின்று கைகூப்பினார். "ஐயா! உங்கள் வாழ்க்கை ஒரு காவியம். அந்த இரண்டு கதவுகள், குடும்பம் என்ற அமைப்பின் நெஞ்சில் அறைந்த இரண்டு ஆணிகள்!"

"குறட்டைக்குப் பயந்து வெச்ச கதவு சார் அது."

"அந்த எளிமைதான் ஐயா! ஆனால் கடைசியில் உங்களைக் கொன்றிருக்கிறேன். மழையில். தப்பாக நினைக்காதீர்கள், இந்த மாதிரிக் காதலில் ஒருவர் சாகாவிட்டால் விருதுக் குழு ஒத்துக்கொள்ளாது."

"எனக்கு மழை ஒத்துக்காதே" என்றார் தணிகாசலம் கவலையோடு.

லூர்துவின் கவலை வேறு. படம் எக்கேடு கெட்டால் என்ன? தணிகாசலம் மீட்டர் பக்தர். மனுஷன் பேச்சு மாறும், மீட்டர் மாறாது என்பது அவருடைய வேதம். பட்டை குறைவாகக் காட்டினால், கால் நூற்றாண்டையும் விட்டுவிட்டு அவர் பட்டையைத்தான் நம்புவார்.

உள்ளே எதிரெதிர் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். தணிகாசலம் கொட்டாவி விட்டார்.

"ஷட்டரைப் பூட்டினியா?" என்றார் லூர்து.

"பூட்டாம வருவாங்களா? நீ மாத்திரை போட்டியா?"

"போட்டேன்."

பெண் அலுவலர் திரையைப் பார்த்தார், பட்டையைத் தட்டினார், மறுபடி பார்த்தார். "லூர்துராஜ் சாருக்கு நாலு. தணிகாசலம் சாருக்கு மூணு." கொஞ்சம் தயங்கி, "எங்க ஆபீஸ் வாசல்ல படுத்திருக்கிற நாய்க்கே என் மேல இதைவிடக் கூடக் காட்டும் சார்" என்றார்.

இவர்களாக நடித்த இரண்டு இளைஞர்களும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். படப்பிடிப்பில்தான் அறிமுகம். சும்மா மாட்டிப் பார்த்ததில் தொண்ணூற்றொன்று. இமயவரம்பன் சுவரில் சாய்ந்துவிட்டார்.

தணிகாசலம் பட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூணு" என்றார். வீடு வந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். பகலில் அந்தக் கதவு சாத்தி லூர்து பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை அது திறக்கவில்லை. பேப்பர் வாசலிலேயே கிடந்தது. காப்பி ஆறி ஆடை கட்டியது. சாயங்காலம் லூர்து தொண்டையைச் செருமிக்கொண்டு கதவுக்கு முன்னால் நின்றார். எந்த நாயகனுக்கும் தராத குரலில் சொன்னார்: "தணிகா... நான் உன்னை நேசிக்கிறேன்."

உள்ளேயிருந்து பதில் வந்தது. "எந்தப் படம்?"

"படமில்லைய்யா. நான்தான்!"

"குரல் நல்லாத்தான் இருக்கு. ஆனா மீட்டர் நாலுங்குதே."

லூர்துவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்தார். "யோவ், கடைக்கு வந்து ஒருத்தன் காத்து பாருன்னா நீ மொதல்ல என்ன கேப்பே?"

தொழில் கேள்வி, பதில் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. "எவ்ளோ தூரம் ஓட்டிட்டு வர்றீங்கன்னு கேப்பேன்."

"எதுக்கு?"

"ஓடின டயர் சூடா இருக்கும். சூட்டுல காத்து கூடத்தான் காட்டும். ஆறின பிறகு பாத்தாத்தான் நெஜம்."

"அந்தப் பசங்க இப்பதான்யா ஓடிட்டு வந்திருக்காங்க! நாம ஆறி எத்தனை காலமாச்சு?"

"ஆறின டயர்ல மூணுன்னா அதுக்குப் பேரு பஞ்சர்."

"அது காத்தை அளக்கலைய்யா, சூட்டை அளக்குது! வராந்தால பட்டையை மாட்டிக்கிட்டு, நீ என்ன நெனைப்பியோன்னு வேர்த்துக் கொட்டிட்டு உட்கார்ந்திருந்தேன். நீ வந்தே. எதிர்ல உட்கார்ந்து ஷட்டரைப் பூட்டினேன்னே. வேர்வை நின்னுபோச்சு. அதைப் போயி நாலுங்குது உன் மீட்டர்!"

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. தணிகாசலம் அவர் முகத்தைப் பார்க்காமல், "பேப்பர் எங்க?" என்றார்.

லூர்து எடுத்துக் கொடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டதை இருவருமே கவனிக்காததுபோல் இருந்தார்கள்.

கவனித்தவர் இமயவரம்பன். மறு பரிசோதனைக்காகப் நெஞ்சைப் படபடக்கவைக்கும் மாத்திரை வாங்கிக்கொண்டு படியேறி வந்தவர், பாதிப் படியில் நின்று முழுவதையும் கேட்டுவிட்டார். அடுத்தவர் வாயிலிருந்து விழுவதைத் தரையில் படுமுன் தன்னுடையதாக்கிக்கொள்ளும் வரம் அவருக்குப் பிறவியிலேயே உண்டு. அந்த வாரமே தொலைக்காட்சியில் கண்மூடிச் சொன்னார்: "அன்பு என்பது கொதித்தல் அல்ல. தணிதல்."

நாடு உருகியது. மன்றத் தலைவருக்கும் அவர் மனைவிக்கும் பழைய கணக்கில் இரண்டுதான் வந்திருந்தது என்பதால், அவர் சட்டென்று உருகினார். விதி மாறியது. பக்கத்தில் ஆள் இருக்கும்போது உடம்பு எவ்வளவு தணிகிறதோ அவ்வளவு பிரியம். அதற்குத் 'தணிவளவு' என்று பெயர்.

மறுபடி அளந்தார்கள். லூர்துவுக்குத் தொண்ணூற்றெட்டு, தணிகாசலத்துக்குத் தொண்ணூற்றேழு.

"உனக்கு எப்படிய்யா ஒண்ணு கூட வந்துச்சு?" என்று போரூர் போகும்வரை சண்டை.

ஊரும் மாறியது. பெண் பார்க்கப் போன இடத்தில் கொட்டாவி விட்ட மாப்பிள்ளைக்கு அன்றைக்கே தட்டு மாற்றினார்கள். காதலர்கள் தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு கடற்கரையில் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து கிடந்தார்கள்.

படம் வெளியானது. முதல் காட்சிக்கு அமைச்சர்கள், விமர்சகர்கள், விருதுக் குழு எல்லாரும் வந்தார்கள். அமைச்சர்கள் இருக்கை தவிர ஒவ்வொரு இருக்கையின் கைப்பிடியிலும் அகமானி. திரையில் இரண்டு கதவுகள். கேமரா நகரவில்லை. கதவுகளும் நகரவில்லை. வெகுநேரம் கழித்து ஒரு பல்லி நகர்ந்தது, அது குறியீடு. தணிகாசலம் பல்லி வருவதற்கு முன்பே லூர்துவின் தோளில் சாய்ந்துவிட்டார். முன்வரிசையில் விமர்சகர்களின் தலைகள் காற்றடித்த நெற்கதிர்போல் ஒரே பக்கம் சாய்ந்தன. அமைச்சர் வாய் திறந்திருந்தது, உரை எதுவும் வரவில்லை. லூர்து விழித்திருந்தார், தோளில் இருந்த பாரத்தை அசைக்காமல்.

படம் முடிந்து விளக்கெரிந்தது. திரையில் எழுத்துகள் வந்தன: 'அரங்கின் பிரியம் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. வரலாற்றுச் சாதனை.' ஒலிபெருக்கியில் வந்த கைதட்டல் சத்தத்தில் விழித்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கண்ணைத் தேய்த்துக்கொண்டதைக் கண்ணீர் என்று பத்திரிகைகள் எழுதின.

அடுத்த வரியும் வந்தது. 'இப்படத்தின்மீது அறவே பிரியமற்றவர் ஒருவர். இருக்கை அ-1. அளவு: பூஜ்யம்.'

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அ-1இல், மூன்றரை மணி நேரமும் கண் கொட்டாமல் தன் படத்தைத் தானே பார்த்து, நெஞ்சு படபடக்க, சட்டை தொப்பலாக நனைந்து இமயவரம்பன் உட்கார்ந்திருந்தார்.

சலசலப்பில் தணிகாசலம் கண் விழித்தார். "முடிஞ்சுதா? நான் செத்துட்டேனா?"

"செத்துட்டே. மழையில."

"குறட்டை வந்துச்சா? உண்மைக் கதைன்னா அது வரணுமே."

"படத்துல வைக்கலை" என்றார் லூர்து, மரத்துப்போன தோளைத் தேய்த்துக்கொண்டே. "அதான் நீயே டப்பிங் குடுத்துட்டியே. தியேட்டர் பூரா கேட்டுச்சு."