காலியாய்க் கிடந்த முதல் பந்தி

மேடையேறி ஒரு பாட்டை நிறுத்துவோம் என்று சாலோமி நினைத்ததே இல்லை. ஆனால் என்ன செய்ய... பாளையங்கோட்டையில் கல்யாண வரவேற்பு, அப்பா வேதநாயகத்தின் சமையல், இலையும் போட்டாயிற்று. முதல் பந்திக்கு ஒருத்தர்கூட எழுந்து வரவில்லை. பிரியாணிக்கு முண்டியடிக்காத கல்யாணக் கூட்டத்தை நம்ம ஊரில் யாராவது பார்த்ததுண்டா?

எல்லாம் அந்தப் புது ராக் பேண்டின் வேலை. நாலு பையன்கள், தாத்தா காலத்து வால்வு ஆம்ப்ளிஃபயர், இழைந்து நடுங்கும் கிதார்... சத்தம் ஐம்பது வருஷத்துக்கு முந்தையது, பாட்டு மட்டும் நேற்றுப் பிறந்தது. அத்தனை பேரும் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டார்கள்.

நிறுத்தச் சொல்லி மேடையேறியவளிடம், இன்னும் ஒரே பாட்டு என்று கிதார்காரன் பெனோ கண்ணாலேயே கெஞ்சினான். மழையில் நனைந்த நாவல்பழம் மாதிரிக் கண்கள்... பாழாய்ப்போன கண்கள். தடுமாறியதை மறைக்கத்தான் அவள் வெடித்தாள்.

"ஓசின்னு உக்காந்து கேக்காவ. டிக்கெட் போட்டா இந்தப் பழைய சத்தத்துக்கு யாரு வருவா?"

பாட்டு நின்றது. அவன் முகம் வாடிவிட்டது.

டிரம்ஸ் வாசித்த ஃபர்ஹத்துக்குப் பரிமாறும்போதுதான் விஷயம் தெரிந்தது. அடுத்த மாதம் அவர்களின் முதல் டிக்கெட் கச்சேரி. அரங்கு நிரம்பாவிட்டால் கிதாரை வைத்துவிட்டு மாமாவோடு துபாய்க்குப் போவதாக பெனோ வீட்டில் வாக்குக் கொடுத்திருக்கிறானாம். அன்று சாலோமிக்குச் சோறு இறங்கவில்லை. மன்னிப்புக் கேட்கலாம்தான்... வீம்பு விடவில்லை. வெங்காயம் நறுக்கும்போதெல்லாம் அவன் பாட்டுத்தான் வாயில் வந்தது. அப்பாகூட அதையே முணுமுணுத்தார்.

கச்சேரியன்று நல்ல மழை. மனசு கேட்காமல் கிளம்பிப் போனாள். கல்யாணத்தில் பசியோடு கேட்டவர்கள் சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டி வந்திருந்தார்கள். மேலப்பாளையத்துக்காரர்கள், அம்பாசமுத்திரத்துக்காரர்கள்... வரிசை ரோடு வரைக்கும். அவள் முறை வந்தபோது டிக்கெட் தீர்ந்துபோயிற்று.

கூட்டத்தைப் பார்க்க வெளியே வந்த பெனோ, குடைக்குள் அவளைக் கண்டு நின்றான்.

"யாரும் வரமாட்டாவன்னு சொன்னிய..."

"தப்பாச் சொல்லிட்டேன்."

"அம்புட்டுக் கோவமா என் பாட்டு மேல?"

"பாட்டு மேல இல்ல... நீங்க பாத்த பார்வ மேல."

அவன் காது சிவந்தது. அவளும் தலையைக் குனிந்துகொண்டாள். குடை விளிம்பில் மழை சொட்டியது...

"துபாய்க்கு..." என்று பைய இழுத்தாள்.

"அதான் நெறஞ்சிட்டுல்லா. போகல."

"நெறையாட்டியும் போகாதியன்னு சொல்லத்தான் வந்தேன்."