திருப்பிச் சொல்லும் குரல்

அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே விமானி திருப்பிச் சொல்லிவிட்டார்.

"எழுபத்தொன்னு. மூவாயிரம் அடிக்கு இறங்குறோம், மேடம்."

வெளியே பட்டப்பகல். ரேடார் அறைக்குள் மட்டும் எப்போதும் இருட்டு. ஏசியின் ஓயாத இரைச்சல், சூடேறிய ஒயரின் வாடை, ஆறிப்போன காபி, திரை வெளிச்சத்தில் பச்சையாய்த் தெரியும் முகங்கள். தரையிறங்க வரும் விமானங்களை ஒன்றோடொன்று முட்டாமல் வரிசையில் விடுவது அவள் வேலை. அவள் சொன்னதை விமானி வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு எண்ணை விழுங்கினாலும் விடமாட்டாள், மறுபடி சொல்ல வைப்பாள். அதனால் அவளுக்கு அங்கே 'கறார்' என்று பட்டப்பெயர்.

அந்தக் கறார் இப்போது இறங்கச் சொல்லவே இல்லை. எழுபத்தொன்றாம் எண் விமானத்தை நாலாயிரம் அடியில் நிறுத்தி வைத்திருந்தாள். மூவாயிரத்தில், அதற்கு நேர் எதிரே, முப்பத்தெட்டு வந்துகொண்டிருந்தது. இரண்டிலுமாக இருநூற்றுச் சொச்சம் பேர்.

"எழுபத்தொன்னு, இறங்காதீங்க! யார் இறங்கச் சொன்னது?"

"நீங்கதானே மேடம் இப்ப சொன்னீங்க?"

பக்கத்து மேசையில் புறப்படும் விமானங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஷிப்ட் அதிகாரி தலையைத் திருப்பினார். "நீதாம்மா சொன்ன. என் காதால கேட்டேன்."

"நான் சொல்லல சார்!"

அப்போது ஹெட்போனில் அந்தக் குரல் வந்தது. அவளுடைய குரலேதான், இரண்டு நாள் ஜலதோஷம் உட்பட.

"எழுபத்தொன்னு, அதை விடுங்க. இறங்குங்க."

பேசும்போது மட்டும் எரியும் சிவப்பு விளக்கு அவள் மேசையில் எரிந்தது. அவள் விரல் பேசுவதற்கு அழுத்தும் பொத்தானில் இல்லை.

திரையில் உயரம் குறைந்துகொண்டே வந்தது. பயந்துதான் போனாள், ஆனால் பயத்தைத் தள்ளிக்கொண்டு கோபம் வந்தது. என் குரலை வைத்து என் விமானத்தையா?

ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் சேர்ந்து பேசினால் விமானிக்கு வெறும் கீச்சொலிதான் கேட்கும். விமானங்கள் மிகவும் நெருங்கினால் உள்ளே இருக்கும் கருவியே ஒன்றை ஏறச் சொல்லும், மற்றதை இறங்கச் சொல்லும். அந்த நேரத்தில் வேறு எந்த உத்தரவும் விமானிகள் காதில் விழாமல் இருந்தால் போதும்.

கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினாள். விடவில்லை.

கீச்சொலி.

இரண்டு புள்ளிகள். நெருங்கின. ஒட்டின.

பிரிந்தன. ஒன்று மேலே. ஒன்று கீழே.

"என்கிட்டயேவா?" என்றாள். கண்ணில் நீர் முட்டியது. "ஒழிஞ்சு போ!"

பக்கத்து மேசையில் சிவப்பு எரிந்தது.

"சார், உங்க பொத்தானை அழுத்திப் பிடிங்க! விடாதீங்க!"

அவர் மெல்லத் திரும்பினார். வாய் திறந்தது. உள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"இருபத்திரண்டு, மூவாயிரத்துக்கு ஏறுங்க."

இப்போதுதான் புறப்பட்ட அந்த விமானத்துக்கு நேர் மேலே மற்ற இரண்டும் இருந்தன. "முடியாது," என்றாள். வலது கட்டைவிரலை எடுக்காமல், இடது கையை எட்டி, அவர் மேசை ஒயரைப் பிடுங்கினாள். கையோடு வந்தது.

அவர் வாய் மூடவில்லை. விளக்கு அணையவில்லை.

"ஏறுறோம், மேடம்," என்றார் இருபத்திரண்டின் விமானி.