கற்பனைக் குடும்பப் பயிற்சி

அவள் கப்பலில் ஏறி அறுபத்தோரு நாட்களும் நான்கு மணி நேரமும் ஆகியிருந்தன. இன்னும் பதினேழு மணி நேரத்தில் கப்பல் கரை சேரும், ஒப்பந்தம் முடியும், அவள் வீட்டுக்குப் போய்விடலாம். பிற்பகல் வகுப்பில் ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர் எழுந்து நின்று, தன் வீட்டுச் சமையலறையில் மஞ்சள் தரைக்கல் ஒன்று பெயர்ந்திருக்கும் என்றும், அதனடியில் தானும் தன் அக்காவும் கடிதங்களை ஒளித்துவைப்பது வழக்கம் என்றும் சொன்னார்.

வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை. வழக்கம்போல் "சரி" என்றாள். பிறகுதான் உறைத்தது. அது அவள் வீட்டுக் கல்.

ஐந்தாம் தளத்தில், ஜன்னல் இல்லாத அறை அது. ஈரக் கம்பளத்தின் வாடையும், நாற்காலிக் கால்கள் வழியாக ஏறி முதுகெலும்பில் வந்து நிற்கும் இயந்திரத்தின் முனகலும் எப்போதும் இருக்கும். உலகம் சுற்றக் கிளம்பிய பதினோரு பேர் அவளுடைய மாணவர்கள். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். அடுத்த துறைமுகம் எதுவோ, அந்த ஊர் மொழியைக் கொஞ்சம் பேசக் கற்றுக்கொடுப்பதுதான் வேலை. இந்த வயதில் வீட்டுப்பாடம் எழுதுவதைப் பார்த்தால் பேரன் மானத்தை வாங்கிவிடுவான் என்று மேனேஜர் தினமும் புலம்புவார், ஆனால் ஒரு நாளும் எழுதாமல் வந்ததில்லை.

அவளுக்கு முன்பு இரண்டு வருடம் இதே அறையில் பாடம் நடத்தியவள் அவளுடைய அக்கா. வேலையை வாங்கிக்கொடுத்ததும், கற்பனைக் குடும்பப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். சொந்தக் கதை பேசச் சொன்னால் ஆட்கள் கூச்சப்படுவார்கள், பொய்யாக ஒரு வீடும் ஒரு அம்மாவும் வைத்துக்கொள்ளச் சொன்னால் தானாக வாய் திறக்கும் என்றாள். கிளம்பும்போது ஒன்று மட்டும் அழுத்திச் சொல்லியிருந்தாள்.

"தப்புன்னு பட்டா உடனே திருத்திடு. சரின்னா சரின்னு சொல்லிடு. எதையும் அப்படியே விட்டுடாதேடி."

தற்செயல்தான் என்று நினைத்துக்கொண்டாள். அவள் வேதியியல் படித்தவள். ஒரு முறை நடந்ததை வைத்து முடிவுக்கு வருபவள் அல்ல.

அடுத்து, வகுப்பிலும் தொப்பியைக் கழற்றாத தொப்பிக்காரர் எழுந்தார். தன் அம்மாவின் இடது பாதத்தில் வெந்நீர் கொட்டிய தழும்பு இருக்கும், மழைக்காலத்தில் அது அரிக்கும் என்றார். அது அவள் அம்மாவின் தழும்பு. அவர் காத்திருந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். "சரி" என்றாள்.

கடைசியாகப் பின்வரிசை அம்மாள். அப்பா இறந்த அன்று சுவர்க் கடிகாரம் எட்டு இருபதில் நின்றுவிட்டது என்றாள்.

"எட்டு நாற்பது."

வாய் தானாகத் திருத்திவிட்டது. பதினோரு பேனாக்கள் ஒரே நேரத்தில் எழுதும் ஓசை. இயந்திர முனகலைவிட அது பெரிதாகக் கேட்டது.

"தேங்க்ஸ் டீச்சர்," என்றாள் அந்த அம்மாள். "அது ஒண்ணுதான் எனக்குச் சரியா வராம இருந்துச்சு."

அவள் அந்தக் கடிகாரத்தை நினைத்துப் பார்த்தாள். சுவர் மட்டும் வந்தது. வெறும் சுவர். தரைக்கல் மஞ்சள் என்பது தெரிந்தது, ஆனால் மேனேஜர் சொன்னதால்தான் தெரிந்தது. அம்மாவின் தழும்பு எந்தப் பாதத்தில்? தொப்பிக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

மேனேஜரின் நோட்டைப் பிடுங்கிப் புரட்டினாள். அறுபது நாள் பக்கங்கள். ஒரு சிறுமி. ஒரு பள்ளிக்கூடம். ஒரு காய்ச்சல். சிவப்பு மையில் திருத்தங்கள், அவள் கையெழுத்தில். பேருந்து எண்கூடத் திருத்தப்பட்டிருந்தது. யாரோ ஒரு பெண்ணின் வாழ்க்கை. ஒரு வரிகூட அவளுக்குத் தெரிந்ததாக இல்லை.

யாரும் தடுக்கவில்லை.

தொலைபேசி அறை இரண்டு தளம் மேலே. கண்ணாடிக் கதவைத் தாழிட்டாள். வீட்டு எண் நினைவில் இருந்தது. அது இன்னும் இருந்தது. ஐந்தாவது முறை மணி அடித்ததும் அக்கா எடுத்தாள்.

"அம்மாகிட்ட குடு."

பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம். தண்ணீர் நின்றது. யாருடி போனில் என்று ஒரு பெண் கேட்டாள். அது அம்மாவின் குரலாகத்தான் இருக்க வேண்டும்.

"ராங் நம்பர்மா," என்றாள் அக்கா.

"அக்கா, நான்தான். நாளைக்கு வந்துடுவேன்."

"வராதே." குரலைத் தாழ்த்தினாள். "வந்தா வாசல்ல நின்னு யாருன்னு கேப்பாங்க. நேத்தே அம்மா உன் துணியெல்லாம் எடுத்து, இது யாரோடதுன்னு கேட்டுச்சு."

"நீ என்ன சொன்னே?"

கண்ணாடிக்கு வெளியே அவர்கள் வந்திருந்தார்கள். பதினோரு பேர். வரிசையாக. நோட்டுகள் திறந்தபடி.

"அக்கா, நீ என்ன பண்ணே?"

"என்னையும் இப்படித்தான் எழுதி எழுதி எடுத்தாங்க. பாதி போயிடுச்சு. வேற ஒருத்தியோட கதையைக் குடுத்தா விட்டுடறோம்னாங்க." அக்கா நிறுத்தினாள். "எனக்கு முழுசாத் தெரிஞ்ச வேற கதை உன்னோடது மட்டும்தான்."

அவள் அழ வேண்டும் என்று நினைத்தாள். தொண்டையில் எதுவும் இல்லை. கண்ணாடிக்கு அப்பால் பின்வரிசை அம்மாள், தோள்கள் குலுங்க, அவளுடைய அழுகையை அழுதுகொண்டிருந்தாள்.