போயிட்டு வாங்கப்பா

“அதெல்லாம் சரி, ஏசியை எதுக்குடி அணைக்கிற?”

பானுமதி கேட்கக் கேட்க ஜெயமணி ஜன்னல் ஏசியின் குமிழைத் திருகினாள். ஜனவரியில் பானுமதி வளைகுடா வேலைக்கென்று இந்த ஈசா டவுன் ரூமுக்கு வந்த முதல் நாளிலிருந்து அந்த ஏசி நின்றதே இல்லை. குளிரில் பல் கிட்டிக்கும்போதுகூட, “ரெண்டு போர்வை போத்திக்கோ, அதுல கை வைக்காத” என்பாள் ஜெயமணி. இன்று அவளே நிறுத்துகிறாள்.

கடகடவென்று உடம்பை உதறிவிட்டு ஏசி அடங்கியது. அதன் இரைச்சலுக்கு அடியில் இத்தனை மாதமாகப் புதைந்து கிடந்தவை ஒவ்வொன்றாக மேலே வந்தன: ஃபிரிட்ஜின் முனகல், கீழே ரோட்டில் வண்டிகள், பள்ளிவாசலில் யாரோ மைக்கைத் தட்டிப் பார்ப்பது. அப்புறம் இன்னொன்று. ஜெயமணியின் கட்டில் பக்கத் திரைக்குப் பின்னால், யாரோ நிதானமாக எதையோ மெல்லும் சத்தம்.

“எலியா இருக்கும்,” என்றாள் ஜெயமணி. அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பானுமதி நம்பினாள். ஜெயமணி சொன்ன எதையும் அவள் நம்பாமல் இருந்ததில்லை. ஜூலையில் அப்பா இறந்தபோது சூப்பர்வைசர் “லீவு மாஃபி”, கிடையாது, என்று ஒரே பேச்சில் முடித்துவிட, அப்பாவின் கடைசிப் பயணத்தை அவள் போனில்தான் பார்த்தாள். பாடை தெருமுனை திரும்பும்போது நெட் நின்றுவிட்டது. அன்று பில் கவுண்டரில் அவளுக்குப் பதிலாக நின்றவள் ஜெயமணி. அயர்லாந்துப் பக்கத்துப் பழைய கெல்ட் ஜனங்களின் பருவங்களை எங்கோ வீடியோவில் பார்த்து அவளுக்குக் கற்றுக்கொடுத்தவளும் ஜெயமணிதான். “இந்த ஊர்ல வெயிலு, கொஞ்சம் கம்மியான வெயிலு, அவ்ளோதான். மனசு காயாம என்ன பண்ணும்? நாமளே சீசன் வச்சுக்கலாம்டி!” பிப்ரவரியில் ஜன்னல் புழுதியைத் துடைத்து மெழுகுவத்தி. மேயில் தலைமாட்டில் பூ. ஆகஸ்டில் முதல் விளைச்சலுக்கு நன்றி சொல்லி, சூடான குபூஸ் ரொட்டியைப் பிய்த்து ஆளுக்குப் பாதி. சின்னச் சின்ன விஷயங்கள்தான். ஆனால் நாட்களுக்கு ஒரு முகம் வந்திருந்தது.

இன்று அக்டோபர் முடிகிறது. அந்த ஜனங்களின் சௌவின் பண்டிகை. அறுவடை முடிந்து குளிர்காலம் பிறக்கும் அந்தி. செத்தவர்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போவார்களாம்.

“உன் கையாலதான் பரிமாறணும். சாப்பிடும்போது திரும்பாத, பேசாத. முடிஞ்சதும் வாசல்ல நின்னு மரியாதையா வழியனுப்பிடு.”

“நீ இருக்க மாட்டியா?”

“ஏன்டி, உங்கப்பா பாவம், புதுப் பொம்பளை முன்னாடி கூச்சப்பட மாட்டாரா? கீழ பக்காலா கடையில தயிர் வாங்கிட்டு வந்துடறேன்.”

சிரித்துக்கொண்டே போனாள். கதவு சாத்தாமல் கிடந்தது.

பானுமதி மெழுகுவத்தி ஏற்றி, தட்டில் சோறு போட்டாள். அப்பாவுக்கு உயிரான கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். பாங்கு சொல்லி ஓய்ந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவள் நிழல் சுவரில் ஆடியது. மெழுகுவத்தி பாதி கரைந்தபோது அதன் தோளுக்குப் பக்கத்தில் இன்னொரு நிழல் குனிந்தது. திரை வளையங்கள் உரசும் சத்தம் கேட்டது. வாசலில் எந்தச் சத்தமும் இல்லை.

மெல்லும் சத்தம். இப்போது பக்கத்தில்.

அவளுக்குக் கண் நிறைந்தது. ஜூலையிலிருந்து வராத அழுகை. சத்தம் நின்றதும், காற்று அவளைக் கடந்து வாசலுக்குப் போனதும், எழுந்து போய்க் கைகூப்பினாள். நம் வீட்டில் யாரைத்தான் “போ” என்று அனுப்புகிறோம்? வாய் தானாகச் சொன்னது.

“போயிட்டு வாங்கப்பா.”

திரும்பினாள். தட்டில் சோறு இல்லை. கருவாடு முழுசாகக் கிடந்தது, தொடப்படாமல்.

அப்பா கருவாட்டை விடமாட்டார்.

அலமாரி மேல் ஜெயமணியின் பெட்டி இல்லை; எப்போது கீழே போனதோ. போன் அதிர்ந்தது. வாய்ஸ் மெசேஜ், பின்னால் ஏர்போர்ட் அறிவிப்பு.

“சாரிடி பானு. விசா கேன்சல் பண்ணிட்டேன், ஊருக்குப் போறேன். போன வருஷம் நானும் எங்கம்மா வந்திருக்கான்னு நினைச்சு ‘போயிட்டு வா’ன்னுதான் சொன்னேன். அது அம்மா இல்ல. வான்னு சொன்னதால திரும்பி வந்து எங்கூடவே ஒட்டிக்கிச்சு. இன்னொருத்தர் வாயால அப்படிச் சொன்னாத்தான் என்னை விடும். நீ சொல்லுவேன்னு தெரியும். நீ நல்லவடி.”

அவள் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள். ஏசிக் குமிழைத் திருகினாள். ஓடியது. பெரிய இரைச்சல். நல்லது.

இரைச்சலுக்கு அடியில் ஒரு குரல்.

“பானுமதி.”

திரைக்குப் பின்னாலிருந்து. பழகாத நாக்கு.

“பானு.”

கொஞ்சம் சரியாக.

“பானும்மா.”

அப்பா மட்டுமே அப்படிக் கூப்பிடுவார். அதே இழுப்பு. அதே இருமல். திரைக்கு அடியிலிருந்து ஒரு காலித் தட்டு மெல்ல வெளியே நகர்ந்து வந்தது. அதன் விளிம்பைப் பிடித்திருந்த விரல்களுக்கு நகம் இல்லை.

“பசிக்குதும்மா.”

அது அப்பா இல்லை என்று அவளுக்குத் தெரியும். கரண்டி எப்படியோ அவள் கைக்கு வந்திருந்தது. சொல்லுங்களேன், உங்க அப்பா குரல் அப்படிக் கேட்டா, நீங்க சோறு போடாம இருப்பீங்களா?