ஐந்நூற்றைம்பது ஓம்

எல்லா ஸ்விட்சையும் அணைத்த பிறகும் அந்த வீட்டு மீட்டர் சுற்றிக்கொண்டிருந்தது. வேகமாக இல்லை. கொஞ்சம் நகர்ந்தது, தயங்கியது, மறுபடி நகர்ந்தது.

வயர்மேன் தேயுவான் டார்ச்சை அதன் மேல் பிடித்தபடி நின்றான். கீலுங் துறைமுகத்துக்கு மேலே, மலையைக் குடைந்து ஒட்டவைத்ததைப் போன்ற வீடு. பத்து நாளாக விடாத மழை. பின்பக்கத் துணி துவைக்கும் இடத்தில் மதியம் இரண்டு மணிக்கே இருட்டு கட்டியிருந்தது. ஈரச் சுண்ணாம்பு, சோப்பு, அவற்றுக்கு அடியில் வேறு ஏதோ ஒரு வாடை. காய்ச்சல்காரர் படுத்து எழுந்த போர்வையின் வாடை.

"கீழ் வீட்டுக்காரன்தான் தம்பி," என்றார் வீட்டுக்கார அம்மா சியூ. "எந்நேரமும் மைக்கைப் புடிச்சுக்கிட்டுக் கத்தறானே, எல்லாம் என் கரன்ட்டு."

"அவர் பாட்டைக் கேட்டா கரன்ட்டே ஊரை விட்டு ஓடிடும்மா."

சியூ சிரிக்கவில்லை. வாசலிலேயே நின்றார்.

ஃப்ரிட்ஜ், சோற்றுக் குக்கர், ஈரம் உறிஞ்சும் மெஷின் என்று எல்லா பிளக்கையும் தேயுவான் பிடுங்கினான். பிறகு திரும்பி வந்து மெயின் பாக்ஸைத் திறந்து, ஒவ்வொரு வயரிலும் கரன்ட்டை அளக்கும் டாங் டெஸ்டரைக் கவ்வவிட்டான். ஐந்து வயரில் பூஜ்யம். ஆறாவதில் 0.2 ஆம்பியர். அந்த வயர் பாக்ஸிலிருந்து நேரே வெள்ளை டைல்ஸ் சுவருக்குள் போனது. சுவருக்கு அப்பால் வீடே கிடையாது, மலைப்பாறைதான். கீழ் வீட்டுக்காரர் திருடர் இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"இந்த வயர் எங்கம்மா போகுது?"

"எங்கேயும் போகலை."

பதில் சட்டென்று வந்தது. கேள்விக்காகக் காத்திருந்தவர் போல.

அவன் மனதுக்குள் கணக்குப் போட்டான். இந்த ஊரில் வோல்டேஜ் 110. அதை 0.2-ஆல் வகுத்தால் தடை 550 ஓம். பெருக்கினால் 22 வாட். ஈரத்தால் கரன்ட் கசிந்தால் எண் தாறுமாறாக ஆடும். ஹீட்டராக இருந்தால் அசையாமல் நிற்கும். இது இரண்டும் இல்லை. 0.21. 0.20. 0.19. திரும்ப 0.20. ஏறியது, இறங்கியது. மூச்சு வாங்குவதைப் போல.

பாக்ஸின் கதவை முழுக்கத் திறந்தபோதுதான் உட்புறத்தில் பென்சில் எழுத்து கண்ணில் பட்டது. 110 வோல்ட், 0.1 ஆம்பியர், 1100 ஓம். போன மாதத் தேதி. வயர்மேன் கையெழுத்து.

"இதை எழுதினது யாரு?"

"உங்களுக்கு முன்னாடி வந்த தம்பி."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை. டீ போட்டு வச்சேன், அதைக்கூடக் குடிக்கலை."

வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒரு தோள்பை கிடந்தது. வாய் திறந்திருந்தது. உள்ளே டெஸ்டர், கட்டிங் பிளேயர், இன்சுலேஷன் டேப், சாவிக்கொத்து, பூஞ்சை பிடித்த ஒரு பன். எந்த வயர்மேனும் டெஸ்டரை மறந்துவிட்டுப் போகமாட்டான். வீட்டுச் சாவியை விட்டுவிட்டு யார்தான் போவார்கள்?

தேயுவான் திரும்பி அந்த அம்மாவைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன மாதம் 1100. இப்போது சரிபாதி. தடை பாதியாகிக் கரன்ட் இரட்டிப்பாக வேண்டுமானால், முதலில் இருந்ததைப் போலவே இன்னொன்று பக்கத்தில் வந்து சேர்ந்திருக்க வேண்டும். அச்சாக அதே அளவில் இன்னொன்று. பயிற்சி நிலையத்தில் வாத்தியார் கரும்பலகையில் எழுதிப் போட்டது நினைவுக்கு வந்தது: நனைந்த மனித உடம்பின் தடை ஏறக்குறைய ஆயிரம் ஓம்.

கரன்ட்டில் ஆள் மாட்டியிருந்தால் முதல் வேலை மெயினை இறக்குவது. கையை நீட்டினான்.

"வேண்டாம் தம்பி." முதல் முறையாக சியூவின் குரல் உயர்ந்தது. "அந்தத் தம்பியும் இப்படித்தான் அணைச்சாரு."

அணைத்தான்.

டக்கென்ற சத்தம். மீட்டர் நின்றது. இன்னொரு டெஸ்டரின் முனையை வைத்து வோல்டேஜைப் பார்த்தான். பூஜ்யம்.

டாங் டெஸ்டர் இன்னும் 0.2 காட்டியது.

மழைச் சத்தம் குறைந்தது போலிருந்தது. கரன்ட் இங்கிருந்து உள்ளே போகவில்லை. அப்படியானால் எங்கிருந்து வருகிறது? சியூ பின்னால் நகரும் செருப்புச் சத்தம். கதவு மெல்லச் சாத்தப்பட்டது. வெளியே தாழ்ப்பாள்.

"அம்மா! என்ன பண்றீங்க? கதவைத் திறங்க!"

"நான் இனி யாரையும் கூப்பிடக் கூடாதுன்னுதான் இருந்தேன் தம்பி," கதவுக்கு அப்பால் அழுகைக் குரல். "கூப்பிடலைன்னா ராத்திரியெல்லாம் உள்ளேயிருந்து சுவரைத் தட்டுதுங்க."

அவன் கதவில் மோதினான். அசையவில்லை. தோளால் மறுபடி மோதியபோது ஈரத் தரையில் கால் வழுக்கியது; டார்ச் விழுந்து அணைந்தது. விழாமலிருக்க இடது கையைச் சுவரில் ஊன்றினான்.

டைல்ஸ் வெதுவெதுப்பாக இருந்தது.

ஷாக் இல்லை. வலி இல்லை. கையை எடுக்கப் பார்த்தான். வரவில்லை.

வயரில் தொங்கிய டெஸ்டரின் சின்னத் திரை மட்டும் இருட்டில் பச்சையாக ஒளிர்ந்தது.

0.3.

மெல்லத் திரும்பிப் பார்த்தான். மணிக்கட்டுவரை கை இல்லை. விரிசல் இல்லாத வெள்ளை டைல்ஸ் அதைச் சுற்றி மூடியிருந்தது.

சுவருக்குள்ளே யாரோ அவன் சுண்டுவிரலைப் பிடித்தார்கள். பிறகு, மறுபக்கத்திலிருந்து, இன்னொருவர் கட்டைவிரலை.